தண்ணி ஏறுதா பாரு

தொட்டியில் பாதித் தண்ணீர் இருக்கிறது. மோட்டார் ஓடவேண்டுமா, நிற்கவேண்டுமா?

தொட்டியை எட்டிப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. காலியாகக் கிடந்த தொட்டியில் தண்ணீர் ஏறி ஏறிப் பாதிக்கு வந்திருந்தால் மோட்டார் தொடர்ந்து ஓடட்டும். காலையில் நிறைந்திருந்து, குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவிப் பாதியாகக் குறைந்திருந்தால் மோட்டாருக்கு இப்போது வேலையில்லை. மட்டம் ஒன்றுதான், செய்யவேண்டியது நேரெதிர். இரண்டையும் பிரித்துக் காட்ட, இந்த மட்டத்துக்கு முன் என்ன நடந்தது என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மொட்டை மாடித் தொட்டிக்குத் தானியங்கி வைக்க முனைகிற எவரும் சீக்கிரமே இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள். ஒரே ஒரு மிதவையைத் தொங்கவிட்டு, தாழ்ந்தால் மோட்டாரைப் போடு, உயர்ந்தால் நிறுத்து என்று விட்டால், கீழே யாராவது ஒரு வாளி பிடித்ததும் மோட்டார் கிளம்பும், உடனே நிற்கும், அடுத்த வாளிக்கு மறுபடி கிளம்பும். கிளம்பும் கணத்தில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம், சாதாரணமாக ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு. இப்படியே போனால் காயில் போய்விடும். அதனால் கீழே ஒரு மிதவை, மேலே ஒரு மிதவை. கீழ் மிதவை தொங்கினால் போடு; மேல் மிதவை எழும்பினால் நிறுத்து. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் நிற்கும் நேரத்தில் மிதவைகள் எதையும் கேட்பதில்லை. அந்த நேரம் முழுவதும் வீடு ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும்: நிரப்பிக்கொண்டிருக்கிறேனா, இல்லையா. இந்த ஒற்றை நினைவைத்தான் நிரல் எழுதுகிறவர்கள் ஃப்ளாக் என்கிறார்கள். ஏற்றியிருக்கும், அல்லது இறக்கியிருக்கும் ஒரு கொடி.

வீட்டுத் தானியக்கம் என்றதும் கைதட்டினால் எரியும் விளக்கும், பெயர் சொல்லி அழைத்தால் பதில் சொல்லும் ஒலிபெருக்கியும்தான் பேசப்படுகின்றன. அவை கடைக்குக் கடை கிடைக்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது அவற்றுக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கொடிகள். ஒரு வீடு எவற்றை நினைவில் வைக்கிறது, யார் சொல்லி அதை நம்புகிறது, அந்த நம்பிக்கையை எப்போது கைவிடுகிறது என்பதில்தான் அந்த வீட்டில் வாழ்கிறவர்களுக்கு நிம்மதி கிடைப்பதும் கெடுவதும் இருக்கின்றன.

‘இப்படியானால் அப்படிச் செய்’ என்னும் தர்க்கம் கடினமானதே இல்லை. செருப்புத் தைப்பவரின் மகனாக லிங்கன் நகரில் பிறந்த ஜார்ஜ் பூல், சிந்தனையின் விதிகளை இயற்கணிதமாக 1854இல் எழுதிவைத்தார். சுவிட்சுகளும் ரிலேக்களும் கொண்ட எந்தச் சுற்றையும் அந்த இயற்கணிதத்தால் எழுதிவிடலாம் என்று 1937இல் எம்.ஐ.டி.யில் முதுகலை ஆய்வேடு எழுதிய கிளாட் ஷானன் காட்டினார். ‘உம்’, ‘அல்லது’, ‘இல்லை’ என்னும் மூன்றை வைத்து ஒரு வீட்டின் முழுத் தானியக்கத்தையும் பள்ளி மாணவர் ஒருவரே எழுதிவிட முடியும். ஆனால் பூலின் சமன்பாடுகளில் ‘சற்று முன்பு’ என்று ஒன்று கிடையாது. அதை மின்சுற்றுக்குள் கொண்டுவர வேறொன்று வேண்டியிருந்தது. எக்கிள்ஸ், ஜோர்டன் என்னும் இரு பிரிட்டிஷ் இயற்பியலாளர்கள் 1918இல் இரண்டு வெற்றிடக் குழாய்களை ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும்படி இணைத்தார்கள். ஒரு தட்டுத் தட்டினால் ஒரு பக்கம் சாய்ந்து, அடுத்த தட்டு வரும்வரை அப்படியே நிற்கும் சுற்று அது. இன்றைக்கும் கொடி என்பது அடிப்படையில் அதுதான்.

மாடிப்படி விளக்கை நினைத்துப் பாருங்கள். கீழே ஒரு சுவிட்சு, மேலே ஒரு சுவிட்சு. கீழே போட்டுவிட்டு ஏறி, மேலே அணைக்கலாம். இந்தச் சுவிட்சு இரண்டும் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. சமையலறைச் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தே விளக்கு எரிகிறதா என்று இருட்டில்கூடச் சொல்லலாம். மாடிப்படிச் சுவிட்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. விளக்கைப் பார்த்தால்தான் உண்டு. இப்போது வரும் ஸ்மார்ட் சுவிட்சுகளும், பழைய சுவிட்சுப் பலகைக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் சிறு ரிலேக்களும் வீட்டிலுள்ள எல்லாச் சுவிட்சுகளையும் மாடிப்படிச் சுவிட்சாக ஆக்கிவிட்டன. கைபேசியிலிருந்தும் போடலாம், சுவரிலிருந்தும் அணைக்கலாம் என்றான பிறகு, சுவரில் இருக்கும் சுவிட்சின் சாய்வுக்குப் பொருள் போய்விட்டது. விளக்கு எரிகிறதா என்று வீட்டுக்குள்ளிருக்கும் கணினிக்கு யார் சொல்வது?

சொந்த வீடு கட்டியவர்கள் எல்லாருக்கும் இந்த உரையாடல் தெரிந்திருக்கும்.

“மோட்டார் போட்டியாப்பா?”

“போட்டாச்சும்மா.”

“தண்ணி ஏறுதா பாரு.”

இரண்டாவது கேள்வியைக் கேட்கும் அம்மாவுக்கு மகன்மேல் அவநம்பிக்கை ஒன்றும் இல்லை. போட்டது வேறு, ஏறுவது வேறு என்று அவருக்குத் தெரியும். மோட்டார் ஓடும், தண்ணீர் வராது, ஏர் பிடித்திருக்கும். சம்ப்பில் தண்ணீர் இருக்காது. ஃபுட் வால்வு விட்டிருக்கும். மாடியில் தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் காதில் விழுந்தால்தான் அவர் அடுப்படிக்குத் திரும்புவார். தானியக்கம் எழுதுகிறவர் முதலில் கற்கவேண்டிய பாடம் இந்த இரண்டாவது கேள்வியில் முழுசாக இருக்கிறது.

தானியக்கத்தின் முதல் தலைமுறை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஸ்காட்லாந்தின் க்ளென்ரோதஸ் நகரில் பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் 1975இல் எக்ஸ்-10 என்னும் முறையை உருவாக்கியது. தனிக் கம்பி இழுக்க வேண்டாம். வீட்டின் மின்கம்பியிலேயே, மாறுமின்னோட்டம் சுழியைக் கடக்கும் கணங்களில், 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகளாகக் கட்டளை போகும். 16 வீட்டு எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் 16 எண்கள், மொத்தம் 256 முகவரிகள். கருத்து அழகானது. ஆனால் பெரும்பாலான எக்ஸ்-10 கருவிகளுக்குக் கேட்க மட்டுமே தெரியும், பேசத் தெரியாது. ‘ஏ-3, அணை’ என்று சொன்னால் சொன்னதோடு சரி. பக்கத்து அறைத் தொலைக்காட்சியின் மின்இரைச்சல் அந்தக் கட்டளையை விழுங்கியிருந்தால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கட்டுப்படுத்தும் பெட்டியோ அணைந்துவிட்டதாகக் கொடியை இறக்கி வைத்திருக்கும். அந்தக் காலத்து ஆர்வலர்கள் ஒரே கட்டளையை இரண்டு மூன்று முறை அனுப்பும்படி நிரல் எழுதினார்கள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

அனுப்பிய கட்டளையை நடந்த காரியமாக எடுத்துக்கொண்டால் எவ்வளவு தூரம் போய் முடியும் என்பதற்கு வீட்டுக்கு வெளியே ஒரு பெரிய சாட்சியம் இருக்கிறது. 1979 மார்ச் 28 விடியற்காலை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகில் அழுத்தம் கூடியதும் ஒரு வால்வு திறந்துகொண்டது. அழுத்தம் இறங்கியதும் அது மூடியிருக்க வேண்டும். மூடும்படி சமிக்ஞை போனது. கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கும் அணைந்தது. வால்வு மட்டும் மூடவில்லை, சிக்கிக்கொண்டது. வால்வைத் திறந்து பிடிக்கும் சுருளுக்கு மின்சாரம் போகிறதா என்பதைத்தான் அந்த விளக்கு காட்டியது. வால்வு உண்மையில் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல நேரடியாக எதுவும் பொருத்தப்படவில்லை. விளக்கை நம்பியவர்கள் பயிற்சி பெற்றவர்கள்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் அந்த வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. எரிபொருளில் ஏறத்தாழப் பாதி உருகியது. அங்கே பணியில் இருந்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கருவிப்பலகை ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டு இன்னொரு கேள்விக்குச் சொன்னதாகக் காட்டிக்கொண்டது.

நம் தொட்டிக்கே திரும்புவோம். ‘மோட்டார்’ என்று ஒரே ஒரு கொடியை வைத்திருக்கும் நிரலை நான் நம்பமாட்டேன். குறைந்தது மூன்று வேண்டும். ரிலேவுக்குக் கட்டளை போனது என்பது ஒன்று. மோட்டார் மின்னோட்டம் இழுக்கிறது என்பது இரண்டாவது; கம்பியைச் சுற்றி மாட்டும் சிறு மின்னோட்ட உணரி அதைச் சொல்லிவிடும். தண்ணீர் ஏறுகிறது என்பது மூன்றாவது. குழாயில் நீரோட்ட உணரி வைத்தோ, தொட்டி மட்டம் உயர்கிறதா என்று பார்த்தோதான் அதை அறிய முடியும். முதல் கொடி ஏறி இரண்டாவது ஏறவில்லை என்றால் கரண்ட் இல்லை, அல்லது ஃபியூஸ் போயிருக்கிறது. இரண்டாவது ஏறி மூன்றாவது ஏறவில்லை என்றால் மோட்டார் வறண்டு ஓடுகிறது; உடனே நிறுத்தவேண்டும். கவனித்துப் பார்த்தால், தண்ணீர் இல்லாமல் ஓடும் பம்பு வழக்கத்தைவிடக் குறைவான மின்னோட்டத்தையே இழுக்கும். பாரம் தூக்காத ஆளுக்கு மூச்சு வாங்காததுபோல. டிரை ரன் தடுப்பான் என்று கடைகளில் விற்கும் பெட்டிகளில் பலவும் இந்தக் குறைவைத்தான் பிடிக்கின்றன.

நான்காவது ஒரு ஐயமும் இருக்கிறது. உணரியே பொய் சொன்னால்? மிதவைக்குப் பதிலாக ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் தொங்கவிடும் உலோக முனைகளில் சில மாதங்களில் வெள்ளையாக உப்புப் படியும். அதன் பிறகு தண்ணீர் தொட்டாலும் தொடவில்லை என்று சொல்லும், தொடாவிட்டாலும் ஈரத்தைக் காட்டித் தொட்டதாகச் சொல்லும். மேல் முனை தொட்டி நிறைந்ததைச் சொல்லாமல் போனால் தண்ணீர் வழிந்து தெருவில் ஓடும். அதனால் கொடியோடு ஒரு கால வரம்பும் வேண்டும்: வழக்கமாக நிறைய ஆகும் நேரத்தைத் தாண்டியும் நிரப்பிக்கொண்டிருந்தால், உணரி என்ன சொன்னாலும் மோட்டாரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடு. ஏற்றிய கொடியை இறக்க வேண்டியவர் வராமல் போகலாம் என்பதை ஏற்றும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுத் தானியக்கத்தில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இறக்க ஆளில்லாத கொடிகளால் வந்தவை.

*

கரண்ட் போய்விட்டது. பிறகு வந்தது. இப்போது வீடு எதை நம்ப வேண்டும்?

வயற்காட்டு மோட்டார் கொட்டகையில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு இதற்கு ஒரு பழைய, உறுதியான விடை இருக்கிறது. பச்சைப் பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு மின்காந்தம் இரும்புத் தகட்டை இழுத்துக்கொள்ளும். இழுத்த தகடே தன்னைப் பிடித்துவைக்கும் மின்வழியையும் மூடிவிடும். விரலை எடுத்தாலும் மோட்டார் ஓடும். எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத, இரும்பால் ஆன கொடி அது. கரண்ட் போனால் மின்காந்தம் விட்டுவிடும், தகடு விழுந்துவிடும், நினைவு அழிந்துவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் யாராவது மறுபடி பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் மோட்டார் கிளம்பும். இந்த மறதி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. மின்சாரம் இல்லாத நேரத்தில் மோட்டாரின் அருகே கைவைத்திருப்பவரைத் திடீர்க் கிளம்பலிலிருந்து காப்பது அந்த மறதிதான்.

ஆனால் மும்முனை மின்சாரம் எந்த நேரம் வரும் என்று தெரியாத காலத்தில், நள்ளிரவில் எழுந்து டார்ச் எடுத்து வரப்பில் நடந்து போய்ப் பச்சைப் பட்டனை அழுத்த வேண்டியிருந்த விவசாயிக்கு அந்த மறதி பெரிய பாரமாக இருந்தது. பாம்புக்கும் பயப்பட வேண்டும். அதனால் ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்தது: கரண்ட் வந்தால் தானே கிளம்பு. ‘என் பயிருக்குத் தண்ணீர் வேண்டும்’ என்ற கொடியை அவர் நிரந்தரமாக ஏற்றிவைத்துவிட்டார். பற்றாக்குறைக் காலத்தில் அது நியாயமான கொடி. தெலங்கானாவில் 2018 ஜனவரியில் விவசாயத்துக்கு 24 மணி நேர மின்சாரம் தொடங்கியபோது, ஆட்டோ ஸ்டார்ட்டர்களைக் கழற்றிவிடும்படி அரசு விவசாயிகளைக் கேட்டுக்கொண்டது. மின்சாரம் எப்போதும் இருந்தால் மோட்டாரும் எப்போதும் ஓடும். நிலத்தடி நீர் என்னாவது? கொடி மாறவில்லை, அதை ஏற்றச் சொன்ன காலம் மாறிவிட்டது.

வீட்டிலும் இதே தேர்வு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக இருக்கிறது. ஸ்மார்ட் பிளக்குகளில் பலரும் ஏற்றிக்கொள்ளும் டாஸ்மோட்டா என்னும் திறந்தமூல மென்பொருளில், மின்சாரம் திரும்பும்போது எப்படி விழிக்க வேண்டும் என்று சொல்ல ஓர் அமைப்பு உண்டு: அணைந்தே விழி, எரிந்தே விழி, கடைசியாக இருந்ததுபோல விழி. எல்லாவற்றையும் ‘கடைசியாக இருந்ததுபோல’ என்று விட்டுவிடுவது வசதி. ஆனால் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. இஸ்திரிப் பெட்டி அணைந்தே விழிக்க வேண்டும். கரண்ட் போனதும் அதைத் துணிமேல் வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். குளிர்பதனப் பெட்டி எரிந்தே விழிக்க வேண்டும். மோட்டார் எதையும் நம்பாமல் விழித்து, மிதவைகளைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். நடுவில் நின்ற தண்ணீராக இருந்தால் சும்மா இருக்கட்டும். கீழ் மிதவை தொங்கும்வரை காத்திருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. படுக்கையறை மின்விசிறி மட்டும் முன்பு ஓடியிருந்தால் ஓடட்டும். இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் அதற்காக யாரும் எழ வேண்டாம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த பாலஸ் ஸ்கௌட்சன் 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்னும் திறந்தமூல மென்பொருளில் எனக்குப் பிடித்த ஒரு நேர்மை இருக்கிறது. அதில் கதவு உணரிக்குத் திறந்தது, மூடியது என்ற இரண்டோடு ‘தெரியாது’, ‘எட்டவில்லை’ என்ற இரண்டும் நிலைகளாக உண்டு. பேட்டரி தீர்ந்த உணரியைக் கடைசியாகச் சொன்ன ‘மூடியது’ என்பதிலேயே அது விட்டுவைக்க வேண்டியதில்லை. போலந்துத் தர்க்கவியலாளர் யான் வுகாசியேவிச் 1920இல் உண்மை, பொய் இரண்டுக்கும் நடுவே மூன்றாம் மதிப்பு ஒன்றைச் சேர்த்தார். அவருடைய கவலை எதிர்காலம் பற்றியது: நாளை நடக்கப்போவதைப் பற்றி இன்று சொல்லும் வாக்கியம் இப்போதே உண்மையா, பொய்யா? வீட்டின் ‘தெரியாது’ அதைவிட எளியது. கதவு இப்போது ஏதோ ஒரு நிலையில்தான் இருக்கிறது, எனக்குத்தான் சேதி வரவில்லை.

அந்த நேர்மைக்கு நிரலாளர் கொடுக்கவேண்டிய விலையும் உண்டு. ‘கதவு திறந்தால் எச்சரிக்கை அனுப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால், கரண்ட் போய் வந்து, ‘எட்டவில்லை’ என்பதிலிருந்து ‘திறந்தது’ என்பதற்கு உணரி மாறும்போதும் அந்த விதி பாயும். மதியத்திலிருந்து காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த பால்கனிக் கதவுக்கு நள்ளிரவில் திருடன் வந்ததாகக் கைபேசி அலறும். மூடியதிலிருந்து திறந்ததா என்று முன்நிலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மறுபடியும் ‘சற்று முன்பு’தான்.

கருவி இல்லாமல் போனதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதற்கு மிகவும் மனிதத்தனமான விடையை எம்.க்யூ.டி.டி. என்னும் தகவல் நெறிமுறையில் காண்கிறேன். ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் 1999இல் எண்ணெய்க் குழாய்த்தடங்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக உருவாக்கியது அது. இன்று நம் வீட்டு பல்புகள்வரை வந்துவிட்டது. அதில் ஒவ்வொரு கருவியும் இணையும்போதே நடுவர் நிரலிடம் ஓர் உயிலை ஒப்படைத்து வைக்கலாம்: நான் விடைபெறாமல் தொடர்பறுந்து போனால் என் பெயரில் இந்தச் செய்தியை எல்லாருக்கும் சொல்லிவிடு. பெயரே இறுதி உயில்தான். குறிப்பிட்ட நேரத்துக்குள் கருவியிடமிருந்து ஒரு சிறு துடிப்பும் வரவில்லை என்றால், அந்த நேரத்தைப்போல ஒன்றரை மடங்குவரை பொறுத்திருந்துவிட்டு நடுவர் உயிலைப் படிக்கிறது. அதே நெறிமுறையில் கடைசிச் செய்தியைப் பிடித்துவைத்துப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வசதியும் உண்டு. அந்தச் செய்தி ஒரு நிமிடத்துக்கு முன் வந்ததா, ஒரு மாதத்துக்கு முன் வந்ததா என்று கேட்பவருக்குத் தெரியாது. 2019இல் தரநிலையான ஐந்தாம் பதிப்பில்தான் செய்திக்கு ஆயுள் குறித்து அனுப்ப வழி வந்தது. ‘விளக்கு எரிகிறது’ என்பதோடு ‘இந்தப் பேச்சு பத்து நிமிடத்துக்குச் செல்லும்’ என்றும் சொல்ல முடிகிறது. கொடிகளை எழுதும் எல்லா இடத்திலும் இந்த ஆயுள் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

பொருள்களைப் பற்றிய கொடிகள் தவறினால் தண்ணீர் வழியும், மோட்டார் கெடும். மனிதர்களைப் பற்றிய கொடிகள் வேறு வகை.

‘வீட்டில் யாரும் இல்லை’ என்ற கொடியை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லாத் தானியக்க வீடுகளிலும் அது இருக்கிறது. கைபேசிகள் எல்லாம் வீட்டு வைஃபையை விட்டு விலகினால் கொடி ஏறும். விளக்கு, மின்விசிறி, ஏ.சி. எல்லாம் அணையும், பூட்டு விழும். மகன் அலுவலகம் போனார், மருமகள் பள்ளிக்குப் போனார், பேரன் கல்லூரிக்குப் போனார். கைபேசி வைத்துக்கொள்ளாத பாட்டி உள்ளறையில் இருக்கிறார். வீட்டின் கணக்கில் யாரும் இல்லை. மே மாதப் பகல் பதினொரு மணிக்கு அவருடைய மின்விசிறி நின்றுவிடுகிறது. வேலைக்கு வரும் அக்காவும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அவருடைய கைபேசியை யாரும் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

நடமாட்ட உணரி வைக்கலாமே என்பார்கள். சாதாரண உணரி உடல்வெப்பம் இடம் மாறுவதைத்தான் பார்க்கிறது. பாட்டி ஊஞ்சலில் ஆடினால் அதற்குத் தெரிவார். சாய்ந்து கண்ணயர்ந்தால் இல்லாமல் போய்விடுவார். மூச்சின் அசைவைக்கூட உணரும் ரேடார் உணரிகள் இப்போது கிடைக்கின்றன. அவை மின்விசிறியையும் திரைச்சீலையையும் ஆளென்று எண்ணிக்கொள்வதும் உண்டு. உணரியை மாற்றுவது உதவும். ஆனால் இந்தக் கொடியை எந்தப் பக்கம் தவறவிடலாம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆளில்லாத அறையில் 9 வாட் எல்.இ.டி. விளக்கு பத்து மணி நேரம் வீணாக எரிந்தால் போவது 0.09 யூனிட். ஆளிருக்கும் அறையில் மின்விசிறி நின்றால் போவதை யூனிட்டில் சொல்ல முடியாது. ஆகவே ‘யாரும் இல்லை’ என்ற கொடி எளிதில் ஏறக்கூடாது. ஊகத்தால் அது ஏறவே வேண்டாம் என்பது என் கட்சி. வெளியூர் புறப்படும்போது வாசலில் ஒருவர் கையால் ஒரு பட்டனை அழுத்தட்டும். ‘ஆள் இருக்கிறார்’ என்பதை மட்டும் எந்த உணரியும், எந்தக் கதவுச் சத்தமும், எந்தச் சுவிட்சுத் தட்டலும் உடனே ஏற்றலாம்.

கைக்கு வருவோம். தானியக்க வீட்டில் மனிதர் கையால் போட்ட விளக்குக்கு என்ன மரியாதை?

ஒரு பழகிப்போன விதி: விளக்கு அணைந்திருந்து, நடமாட்டம் தெரிந்தால், விளக்கைப் போடு, ஐந்து நிமிடம் பொறு, அணை. படிக்கும்போது குறையே தெரியாது. நிபந்தனையை ஓயாமல் சரிபார்த்துக்கொண்டே இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளில் இதை ஓடவிட்டால் விளக்கு விடிய விடிய எரியும். விளக்கைப் போட்டதுமே ‘விளக்கு அணைந்திருந்து’ என்ற நிபந்தனை பொய்யாகிவிடுகிறது. நிரல் தான் செய்ததையே வெளியிலிருந்து வந்த மாற்றமாக எடுத்துக்கொண்டு, பொறுத்திருப்பதைக் கைவிட்டுவிடுகிறது. யுனிவர்சல் டிவைசஸ் நிறுவனத்தின் ஐ.எஸ்.ஒய். கருவியில் நிரல் எழுதியவர்கள் எல்லாரும் இந்தச் சுழலைக் கடந்துதான் வந்திருப்பார்கள். தீர்வாக அவர்கள் நிரலை இரண்டாகப் பிரித்து, நடுவே ஒரு கொடியை வைத்தார்கள்: ‘இந்த விளக்கை நான் போட்டேன்.’

சுழலை உடைப்பதற்காக வந்த அந்தக் கொடிக்கு அதைவிடப் பெரிய பயன் உண்டு. நான் போட்ட விளக்கை மட்டும்தான் நான் அணைப்பேன் என்று வீடு சொல்ல முடிகிறது. தாத்தா சுவிட்சைத் தட்டி விளக்கைப் போட்டுவிட்டு நாளிதழோடு அசையாமல் உட்கார்ந்திருந்தால், நடமாட்டம் இல்லை என்று சொல்லி அவர் தலைமேல் இருளைக் கொட்டக்கூடாது. அவர் போட்டது, அவர் அணைப்பார். மறந்து போய்விட்டால் நள்ளிரவில் ஒருமுறை வீடு பார்த்துக்கொள்ளட்டும். சுவர்ச் சுவிட்சைத் தட்டியவர், கைபேசியில் தொட்டவர், தானியக்க விதி இவற்றில் யாரால் இந்த மாற்றம் வந்தது என்பதை ஹோம் அசிஸ்டன்ட் பல கருவிகளுக்கு மாற்றத்தோடு சேர்த்தே குறித்து வைக்கிறது. அதைக் கேட்டுப் பார்க்கும் விதிகளை எழுதுவோர் குறைவாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. வீட்டில் பெரியவர்கள் ‘இது பாட்டுக்கு அணையுது, இது பாட்டுக்கு எரியுது’ என்று சலித்துக்கொள்வதில் பாதி, இந்தக் கேள்வி கேட்கப்படாததால் வருவது. அவர்களுக்குத் தொழில்நுட்பம் புரியவில்லை என்று நாம் அதைத் தள்ளிவிடுகிறோம்.

கொடிகள் எங்கே இருக்கின்றன என்பதும் விசாரிக்கவேண்டியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்க வீட்டுத் தானியக்க நிறுவனம் முன்னறிவிப்பில்லாமல் தன் சர்வர்களை நிறுத்தியது. செயலியை மட்டும் நம்பியிருந்தவர்களால் தங்கள் வீட்டு விளக்குகளைத் தொலைவிலிருந்து தொட முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே தனிக் கருவியில் நிரலும் நிலையும் வைத்திருந்தவர்களுக்கு விளக்குகள் வழக்கம்போல எரிந்தன. சில வாரங்களில் பயனர்களே குழுவாகச் சேர்ந்து நிறுவனத்தை வாங்கி மீட்டார்கள். மோட்டார் ஓடுகிறதா என்பது இன்னொரு நாட்டுக் கணினியைக் கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்றால் அந்த அமைப்பை வீட்டில் வைப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

சொந்த வீட்டுக்குள்ளேயே கொடிகள் இருந்தாலும் அவை ஏறி இறங்கிய நேரங்கள் சேர்ந்துகொண்டே போகும். ஹோம் அசிஸ்டன்ட் வேறெதுவும் சொல்லாவிட்டால் பத்து நாள் வரலாற்றை வைத்துக்கொள்கிறது. குளியலறை விளக்கு இரவில் எத்தனை முறை எரிந்தது, மருமகளின் அறைக் கதவு எப்போது சாத்தப்பட்டது, பாட்டி எத்தனை மணிக்கு எழுந்து நடந்தார் எல்லாம் வரைபடமாக விரியும். இதைப் பார்க்கும் திரை பெரும்பாலும் அமைப்பை நிறுவிய ஒருவரின் கைபேசியில் இருக்கிறது, அவர் பெரும்பாலும் வீட்டின் ஆண். குளியலறை விளக்கைச் சரியாக எரியவைக்க இந்த வரலாறு எதுவும் தேவையில்லை. இப்போதைய நிலை போதும். ஓர் உணரியைப் பதிவிலிருந்து விலக்கிவைக்க அமைப்புக் கோப்பில் ஓரிரு வரி எழுதினால் போதும், விலக்கிய பிறகும் அதன் கொடி முன்போலவே ஏறி இறங்கும். நான் யாருக்காவது அமைத்துக் கொடுத்தால் குளியலறையையும் படுக்கையறைகளையும் கேட்காமலே விலக்கிவிடுவேன். பாட்டியின் அறையை மட்டும் அவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும். ‘நான் விழுந்து கெடந்தா யாருக்காவது தெரியணும்ல’ என்று சொல்லும் பாட்டிகள் இருக்கிறார்கள். அவர் அப்படிச் சொன்னால் பதிவு இருக்கட்டும். அதை மகன் பார்க்கலாமா, மகள் பார்க்கலாமா என்பதையும் அவரே சொல்லட்டும்.